மே மாதம் திருவையாறு போகலாமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் பிள்ளைகளோடு தஞ்சாவூர் போகிறோம். ஒரு நாள் திருவையாறு போய்க் காவிரியில் குளித்துவிட்டு வர ஆசை. அங்கே வேறு என்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: காவிரி இருக்கும். தண்ணீர்தான் இருக்காது.

ஒரு மே மாதம் என் நாத்தனாரைப் புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் கூட்டிப் போனேன். கடைசிப் படி வரை இறங்கினோம். கீழே மணல். நடு ஆற்றில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஆறு எங்கே அண்ணி?" என்றாள். "நீ நிக்கிறதே ஆத்துலதான்" என்றேன். மாற்றுத்துணிப் பையை அப்படியே திரும்பத் தூக்கி வந்தோம்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். மூன்று நாலு நாளில் தண்ணீர் திருவையாற்றுக்கு மேலே இருக்கும் கல்லணைக்கு வந்துவிடும். பாசனத்துக்கு ஜனவரி 28 வரை விடுவது வழக்கம். அணையில் இருப்பு இல்லையென்றால் இதுவும் தள்ளிப்போகும். 2024இல் ஜூலை 28தான் திறந்தார்கள். அதனால் பஞ்சாங்கத்தைவிட மேட்டூர்ச் செய்தியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

என்னைக் கேட்டால், காலாண்டு விடுமுறைக்கு வாருங்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கும். ஒரு வயலில் குறுவை நெல் அறுப்பு மெஷின் ஓடும். வரப்புக்கு அந்தப் பக்கம் சம்பா நெல் நடவுக்கு நாற்றுமுடிகள் சேற்றில் கிடக்கும். இதைப் பார்க்காமல் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதி ஊர்தான் பார்த்த கணக்கு.

மேயை விட முடியாதா? சரி, சித்திரைப் பெருவிழாவை ஒட்டி வரும் ஏழூர்ப் பல்லக்கு எந்தத் தேதி என்று விசாரியுங்கள். திருவையாற்றுக் கோயில் சிவனான ஐயாறப்பர் பல்லக்கில் கிளம்பி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை என்று சுற்றியுள்ள ஆறு ஊர்களுக்கும் போய் வருவார். அதற்காக வெயிலைத் தாங்கலாம்.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். தெற்குப் பிராகாரத்தில் எதிரொலி கேட்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே "ஐயாறா" என்று கத்தினால் ஏழு முறை திரும்பும் என்பார்கள். பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்துவது உங்கள் சாமர்த்தியம்.

அப்புறம் ஆற்றங்கரையில், கர்நாடக இசை மேதை தியாகராஜர் சமாதி. அவர் மறைந்தது 1847இல். சிதைந்து கிடந்த இடத்தில் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட இடம் தராத காலம் அது. இவர் பெண்களைச் சேர்த்துத் தனியாகப் பாட வைத்தார். எதிரிலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், எனக்கு வருத்தம்தான்.

பாசிப்பருப்பில் கிண்டும் அசோகா அல்வா இந்த ஊர்ச் சரக்கு. சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து 13 கி.மீ.தான். காரை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறி, பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாலங்களை எண்ணச் சொல்லுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. வடவாற்றை வாய்க்கால் என்று நினைத்து நாலோடு நிறுத்துவார்கள். திரும்பும்போது மறுபடி எண்ணட்டும்.