ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பயாப்ஸியில் நோய் உறுதியானது, ஆனால் மரபணுப் பரிசோதனைக்குத் திசு மிச்சமில்லை என்கிறார்கள். மறுபடி ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டுமா?

முதலில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். கட்டியின் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். அதில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தால் அதற்குரிய மாத்திரையைத் தொடங்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-லேயே இந்த ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்துவிட்டது. 'எதுவும் இல்லை' என்று வந்தால்தான் சிக்கல். மாற்றமே இல்லாமல் இருக்கலாம். கட்டி போதிய டி.என்.ஏ.வை வெளியே விடாமலும் இருக்கலாம். அப்போது ஊசியைத் தவிர்க்க முடியாது.

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்தது. இந்தப் பரிசோதனையை வைத்து கீமோவைத் தவிர்க்கலாமா?

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆய்வே இதைப் பற்றியதுதான். ஆஸ்திரேலியாவில் 455 பேரிடம் நடந்து, 2022-ல் வெளியான 'டைனமிக்'. ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறையில் கீமோ முடிவு செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அறுவைக்குப் பின் 4, 7-ஆம் வாரங்களில் ரத்தம் எடுத்து, பாசிட்டிவ் வந்தவர்களுக்கு, அதாவது கட்டியின் டி.என்.ஏ. தென்பட்டவர்களுக்கு மட்டும் கீமோ. வழக்கமான பிரிவில் 28 சதவீதம் பேர் கீமோ பெற்றார்கள். ரத்தம் பார்த்த பிரிவில் 15 சதவீதம்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வழக்கமான பிரிவில் 92.4, ரத்தம் பார்த்த பிரிவில் 93.5 சதவீதம். கீமோ பெறுவோர் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தார்கள், நஷ்டம் ஏதுமில்லை.

ஆனால் ஸ்கேனில் வேறெங்கும் பரவல் இல்லாத இரண்டாம் நிலைக்கு மட்டுமே இந்தக் கணக்கு. மூன்றாம் நிலைக்காரர்கள் இதைக் காட்டி கீமோவை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ரத்தத்தில் மட்டும் பாசிட்டிவ். உடனே சிகிச்சை தொடங்க வேண்டாமா?

நோய் திரும்புவது ஸ்கேனைவிட சில மாதங்கள் முன்கூட்டியே ரத்தத்தில் தெரிகிறது என்பது உண்மை. முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் நீளுமா என்பது வேறு கேள்வி. சினைப்பை புற்றுநோயில், நோயைக் காட்டும் சி.ஏ.-125 என்ற புரதம் ரத்தத்தில் ஏறியவுடனே கீமோ கொடுத்துப் பார்த்தார்கள்; அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களைவிட அவர்கள் கூடுதலாக வாழவில்லை என்று 2010-ல் முடிவு வந்தது. ஆகவே பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம், "பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நானாக இருந்தால் ரத்தம் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ரிப்போர்ட்டில் டி.என்.எம்.டி.3ஏ என்ற மரபணுவில் மாற்றம் என்று இருக்கிறது. மருத்துவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் செய்தது சரியே. வயது ஏற ஏற ரத்த அணுக்களிலேயே இத்தகைய மாற்றங்கள் சேரும். அது பெரும்பாலும் கட்டியிலிருந்து வந்ததல்ல. வெள்ளையணுக்களையும் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வகங்கள் இதைப் பிரித்துச் சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறோம். சாதாரண இ.டி.டி.ஏ. குழாய் (ரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) போதுமா?

சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரிக்க முடிந்தால் போதும். இல்லையென்றால் வெள்ளையணுக்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. கட்டியின் சொற்ப டி.என்.ஏ.வை மூழ்கடித்துவிடும். அணுக்கள் உடையாமல் காக்கும் தனிக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றை வாங்கி வையுங்கள். ஃபிரிட்ஜில் உறைய வைத்து மட்டும் அனுப்ப வேண்டாம்.