அடையாளத் திருட்டு என்றால் என்ன? என் அடையாள எண்ணை வைத்து ஒருவன் என்ன செய்துவிட முடியும்?

உங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவர் கடன் வாங்குவது போன்ற மோசடிதான் அடையாளத் திருட்டு. மூலைக் கடையில் ஒருவன் "நான் அவர் தம்பி, அண்ணன் கணக்கில் எழுதிக்கோங்க" என்று அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், மாதக் கடைசியில் கடைக்காரர் வந்து நிற்பது உங்கள் வாசலில்தானே!

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு 5000-க்குக் கீழே என்றால் பெண், 5000 அல்லது அதற்கு மேல் என்றால் ஆண். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் அத்தையின் 60-ஆம் பிறந்தநாள் கேக்கை ஃபேஸ்புக்கில் போட்டாலே முதல் ஆறு இலக்கங்கள் ஊருக்கே தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

மிச்சத்தைப் போலி மின்னஞ்சல் கேட்டு வாங்கும்: "வரிப்பணம் திரும்ப வருகிறது, இங்கே அழுத்துங்கள்." அழுத்தாதீர்கள், வங்கியின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மின்னஞ்சலுக்கு மட்டுமாவது தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண் போன்ற இன்னொரு சோதனை) வையுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து விழும். கைபேசியில் திடீரென்று சிக்னல் செத்துவிட்டால், உங்கள் எண்ணைத் திருடன் வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம்; வங்கி அனுப்பும் ரகசிய எண் இனி அவனுக்குப் போகும். பக்கத்து வீட்டுப் போனிலாவது உடனே வங்கியை அழையுங்கள்.

"வைரஸ் தடுப்பு போட்டிருக்கிறேனே" என்பார்கள் பலர். அது கணினிக்குள் நுழையும் கள்ள நிரலைப் பிடிக்குமே தவிர, நீங்களே போனில் சொல்லும் ரகசிய எண்ணைப் பிடிக்காது.