பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறு சஃபாரி: கேள்வி பதில்

பந்திப்பூர், கபினி, பிளிகிரிரங்கன மலை, முதுமலை. இந்த நாலு காடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரூம் வாடகை, ரிசார்ட் சாப்பாடு பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

மாரத்தஹள்ளி அன்பர்: சனி காலை கிளம்பி ஞாயிறு ராத்திரிக்குள் வீடு திரும்பணும். பந்திப்பூரா, கபினியா?

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே! அதை வைத்துத்தான் முடிவு செய்யணும்.

மார்ச் முதல் மே வரை என்றால் யோசிக்காமல் கபினி. கபினி ஆற்றின் குறுக்கே பீச்சனஹள்ளியில் 1974-ல் அணை கட்டி முடித்தார்கள். கோடையில் அணைநீர் இறங்க இறங்க, மூழ்கிக் கிடந்த தரை வெளியே வந்து பசும்புல் முளைக்கும். காட்டுக்குள் குட்டைகளெல்லாம் காய்ந்திருக்கும் நேரம் அது. தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால் யானைகள் கூட்டம் கூட்டமாக அந்தக் கரைக்கு இறங்கி வரும். படகிலிருந்து பார்த்தால் குட்டிகளைக் காலுக்கு நடுவே விட்டுக்கொண்டு தாய்கள் புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதறித் தின்பது தெரியும். அதற்காகவே போகலாம்.

மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் பந்திப்பூர் நன்றாக இருக்கும். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே சேர்க்கப்பட்ட காடு அது. மைசூர், நஞ்சன்கூடு, குண்டுலுபேட்டை வழியாகச் சுமார் 220 கிலோமீட்டர்.

சனி காலை சஃபாரியைப் பிடிக்க நடுராத்திரியில் கிளம்பாதீர்கள். விடியலில் கிளம்பி மதியம் போய்ச் சேருங்கள். சனி மாலை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று, போதும். புறப்படும் முன் சஃபாரி நடக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புலி தாக்கி ஆட்கள் இறந்ததால் 2025 நவம்பரில் பந்திப்பூரிலும், கபினி சஃபாரி நடக்கும் நாகரஹொளேயிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்தி வைத்தது.

ஒயிட்ஃபீல்ட் சகோதரி: புலி கட்டாயம் தெரியுமா சார்?

தெரியாது. தெரியும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவரை நம்பாதீர்கள்.

புலியைத் தேடாதீர்கள், காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். மந்தி மரத்து மேலிருந்து முதலில் கத்தும். புள்ளிமான் கத்தினால் பாதிதான் நம்பலாம், சின்ன அசைவுக்கும் மிரளும் பிராணி அது. கடமான் கத்தினால் டிரைவர் என்ஜினை அணைத்துவிடுவார். வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, உடம்பே குலுங்க ஒரு சத்தம் போடும். காது இரண்டும் ஒரே புதரை நோக்கித் திரும்பியிருக்கும். அந்தப் புதரை நீங்களும் பாருங்கள். சில சமயம் ஒன்றும் வராது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று காடே உங்களுக்குச் சொல்லிவிட்டது. வண்டியில் பேசிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் காதில் விழாது.

பொம்மனஹள்ளி தம்பி: நண்பர்களோடு பைக்கில் போகிறோம். டிப்ஸ் கொடுங்க அண்ணா.

மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்ட் முதல் டூவீலருக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போகணும். நேரத்தை அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள். காட்டுச் சாலைக்குள் நுழைந்தபின் எதற்காகவும் வண்டியை நிறுத்தாதே தம்பி. யானை ரோட்டோரம் நிற்கிறது, ஒரு செல்ஃபி என்று இறங்கினால் அது திரும்பி வர சில நொடிதான் ஆகும். குரங்குக்கு பிஸ்கட் போடாதே. போடப் போட அது ரோட்டுக்கு வந்து லாரியில் அடிபட்டுச் சாகிறது.

கூடலூர் வியாபாரி: உங்க சனி ஞாயிறு டூருக்காக நாங்க ஏன் கஷ்டப்படணும்? ராத்திரி 9 மணிக்குக் கேட்டைச் சாத்திடறாங்க. மைசூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, காய்கறி லோடு வரணும்னா எங்க கதி என்ன?

உங்கள் கோபம் நியாயமானது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தடை டூரிஸ்டுக்காக வந்ததல்ல. 2009-லிருந்து பந்திப்பூர் வழியாகச் செல்லும் ஊட்டி சாலையும் வயநாட்டுச் சாலையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுகின்றன. இரவில் ஓடும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். காட்டுமாடும் கடமானும் ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே நின்றுவிடும். வேகமாக வருகிற லாரிக்குப் பிரேக் பிடிக்க இடமிருக்காது.

ஆம்புலன்ஸுக்குத் தடை இல்லை. குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் போகும்.

அதே கூடலூர் வியாபாரி: ஆம்புலன்ஸ் எல்லார் வீட்டு வாசலிலும் நிக்குதா? செக்போஸ்ட்ல கெஞ்சிப் பாருங்க, தெரியும்.

உண்மை. அவசரமாக வருகிற சொந்த வண்டியைக் கேள்வி கேட்டு நிறுத்தி வைப்பது கொடுமை. செக்போஸ்டில் அதற்கு எளிய வழி இருக்கணும் என்பதில் நான் உங்கள் பக்கம். 2019-ல் பகலிலும் மூடலாமா என்ற பேச்சு வந்தபோது வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதமே இருந்தார்கள், அந்தப் பயமும் புரிகிறது. ஆனால் லாரிகளுக்காக இரவு முழுக்கத் திறக்கணும் என்றால் ஒப்ப மாட்டேன். வயநாட்டுக்கு ஹுன்சூர், குட்டா வழியாகச் சுற்றிப்போகும் சாலை இருக்கிறது. அந்த ஒன்பது மணி நேரம்தான் விலங்குகளுக்குச் சாலை முழுசாகக் கிடைக்கிற நேரம்.

ஜெயநகர் அன்பர்: இரண்டு பேரும் போதும். திம்பம் மலைப்பாதையிலும் இதே தடையா?

ஆமாம், சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரி, காரப்பள்ளம் இடையே. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022-லிருந்து. சாம்ராஜ்நகர் வழியாக ஊருக்குப் போகிறவர்கள் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

சர்ஜாபூர் அன்பர்: எந்த ரிசார்ட்டில் தங்கினால் புலி நிச்சயம்?

ஒயிட்ஃபீல்ட் சகோதரிக்குச் சொன்ன பதில்தான்.

ஒசூர் அன்பர்: முதுமலைக்குக் காரில் போக என்ன வேணும்?

முதுமலை நீலகிரி மாவட்டம். அதனால் 2024 மே முதல் வெளிமாவட்ட, வெளிமாநில வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மாநில எல்லையிலுள்ள கக்கநல்லா செக்போஸ்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். சஃபாரி தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில். நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது, இதை மறுபடியும் சொல்கிறேன்.

ஹெப்பால் அம்மா: மூணு வயசுப் பேத்தி இருக்கா. ஜீப்பில் உட்கார வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. குலுங்கும் ஜீப்பில் மூன்று மணி நேரம் குழந்தை வாய் மூடி இருக்காது, இருக்கச் சொல்வதும் பாவம். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ரங்கனதிட்டுக்குக் கூட்டிப் போங்கள். படகில் கொஞ்ச நேரம்தான். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கூட்டில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும், பாறையில் முதலை வெயில் காயும். இதைவிடக் கிட்டே என்றால் பன்னேர்கட்டா. அங்கே வேலிக்குள் இருப்பவைதான், செவ்வாய் விடுமுறை.

இந்திராநகர் அன்பர்: எந்த லென்ஸ் வாங்கலாம்?

புகைப்படக்காரர்களைக் கேளுங்கள். பெரிய லென்ஸுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர்.புரம் அன்பர்: புலி தெரிய வாய்ப்பு எத்தனை சதவீதம்?

சதவீதம் சொல்ல மாட்டேன். மேலே படியுங்கள்.

பெல்லந்தூர் தம்பி: மசினகுடியில் ராத்திரி சஃபாரி கூட்டிட்டுப் போறேன்னு ஒரு ஜீப்காரர் சொல்றார். நம்பலாமா?

அப்படி ஒரு சஃபாரியே கிடையாது. இரவில் டார்ச் அடித்து விலங்கைத் தேடுவது சட்டவிரோதம். பிடிபட்டால் ஜீப்காரர் மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் நீங்களும் அபராதம் கட்டணும். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். அந்த ஜீப்பின் நம்பரைத் தெப்பக்காடு வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.