சம்பந்திக்கு ஸ்பானிஷில் சொல் உண்டு

குளச்சலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அண்ணன் மத்ரித்தில் வேலை பார்க்கிறார். அங்குள்ள ஒரு பெண்ணைக் கோயிலில் வைத்துக் கட்டப்போகிறார். பெண் வீட்டாருக்கு அம்மா சொல்லச்சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, போனில் ஸ்பானிஷுக்கு மாற்றினேன். அண்ணன் பார்த்துவிட்டு, முறையே மாறிப்போச்சு என்கிறார். எப்படிச் சரிசெய்வது?”

கோளாறு நடுவில் வந்த ஆங்கிலத்தால்தான். நம் முறைகளை அது முதலிலேயே குழப்பிவிடுகிறது. அந்தக் குழப்பத்தைத்தான் போன் மொழிபெயர்க்கிறது. தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போங்கள்.

‘இன்-லாஸ்’ என்று எழுதியிருப்பீர்கள். அது ‘சுவேக்ரோஸ்’ ஆகியிருக்கும். அப்படியானால் அம்மா தன் சம்பந்திகளை மாமனார், மாமியார் என்று அழைத்ததாகிவிடும்! சம்பந்திக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை, ஸ்பானிஷில் இருக்கிறது. ஆணுக்குக் ‘கொன்சுவேக்ரோ’, பெண்ணுக்குக் ‘கொன்சுவேக்ரா’. ‘கொன்’ என்றால் உடன். உடன் மாமனார், உடன் மாமியார். கடிதத்தை ‘கெரிதோஸ் கொன்சுவேக்ரோஸ்’, அதாவது அன்புள்ள சம்பந்திகளே, என்று தொடங்குங்கள். நம் சகலைக்கும் இதேபோல் ‘கொன்குன்யாதோ’ உண்டு. இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, ‘குன்யாதா’. நாத்தனார், கொழுந்தியாள் எல்லோருக்கும் அதே சொல்தான். ஆனால் அங்கே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது மரியாதைக் குறைவல்ல.

சித்தப்பா மகனை வெறும் ‘பிரதர்’ என்று எழுதாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு இன்னொரு மகன் இருப்பதாக நினைப்பார்கள். ‘ப்ரீமோ எர்மானோ’ என்று எழுதுங்கள். நாம் சொல்லும் ‘கசின் பிரதர்’ அப்படியே! அப்புறம், ‘பரியென்தேஸ்’ என்பது பேரன்ட்ஸ் போலக் காதில் விழும், பொருள் உறவினர்கள். பெற்றோர் ‘பாத்ரேஸ்’.

ஆங்கிலத்தின் ‘யூ’வுக்குள் நீயும் நீங்களும் சேர்ந்தே கிடக்கின்றன. ஸ்பானிஷில் நீ ‘தூ’, நீங்கள் ‘உஸ்தெத்’. பெண்ணுக்குத் ‘தூ’ போதும். சம்பந்திகள் இருவருக்கும் முதல் கடிதத்தில் பன்மையாக ‘உஸ்தெதேஸ்’ போடுங்கள். ஸ்பெயினில் சீக்கிரமே ‘தூ’வுக்கு இறங்கிவிடுவார்கள், அதை அவர்களே தொடங்கட்டும்.

‘லவ்’ என்ற சொல்லில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘தே ஆமோ’ ஆழ்ந்த காதலில் சொல்வது. வீட்டார் பாசத்துக்குத் ‘தே கியேரோ’; அம்மா பிள்ளைக்கும், தோழி தோழிக்கும் சொல்லலாம். அகராதியில் அந்த வினைக்கு ‘வேண்டும்’ என்ற பொருளும் இருக்கும், பயப்படாதீர்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து மைனிக்கு எழுதினால் ‘தே கெரேமோஸ்’. அம்மா ‘மக்களே’ என்று கூப்பிடுவதை விட்டுவிடாதீர்கள், ‘இஹா’ (மகளே) என்று எழுதினால் அந்த வாஞ்சை போய்ச்சேரும்.

கோட்டாறு சவேரியார் கோயிலைப் பற்றி எழுதினால் ‘சான் பிரான்சிஸ்கோ ஹவியேர்’ என்று போடுங்கள். 1506இல் இன்றைய ஸ்பெயினின் நவார்ராவில் பிறந்தவர் அவர். பெண் வீட்டாருக்குத் தெரிந்த பெயராகவே இருக்கும்.

கடைசியாக ஒன்று. அவர்கள் பதிலில் அம்மாவை ‘மத்ரினா’ என்று குறிப்பிட்டால் போன் அதை ஞானத்தாய் என்று காட்டும். ஞானஸ்நானத்தில் அதுதான் பொருள். கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பீடம்வரை கைபிடித்து அழைத்துப்போகும் பெண்ணுக்கும் அதே பெயர், வழக்கமாக அது மாப்பிள்ளையின் அம்மா. எனவே அம்மாவின் விசாவுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.