அரிய கப்பலுக்கு நிலையான முகவரி வேண்டாம்

கைவிடப்பட்ட அந்த அரிய விண்கப்பலை உங்கள் கணினி விளையாட்டில் சேர்த்த இரண்டே நாளில் அதன் இருப்பிடம் பரவிவிட்டது, இப்போது அங்கே வீரர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. ஆனாலும் இடத்தை வெளியிட்டவர்களைத் தடை செய்யாதீர்கள். தாங்கள் கண்டுபிடித்ததைச் சொல்லத் துடிப்பவர்கள்தான் உங்கள் விளையாட்டை உயிரோடு வைத்திருப்பவர்கள்.

கப்பல் ஒரே இடத்தில் நிற்பதுதான் சிக்கல். 'எலைட் டேஞ்சரஸ்' என்ற விண்வெளி விளையாட்டு 2014 டிசம்பரில் வெளிவந்தது. அதில் தார்காய்டு என்ற வேற்றுக்கிரக இனத்தின் கப்பலை ஒரு வீரர் முதன்முதலில் எதிர்கொண்டது 2017 ஜனவரியில்தான். ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பாய்ச்சலின் நடுவே அவருடைய கப்பல் வெளியே இழுக்கப்பட்டது. இயந்திரங்கள் அணைந்தன. பூப்போல விரிந்த ஏதோ ஒன்று அருகில் வந்து, அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவர் அதைத் தேடிப் போகவில்லை, அதுதான் அவரைத் தேடி வந்தது! உங்கள் கப்பலும் அப்படி வரட்டும். நெடுந்தொலைவு தனியாகப் பயணம் செய்தவருக்கு, எரிபொருள் குறைந்த வேளையில், எப்போதாவது ஒருமுறை.

கோப்புகளையும் கவனியுங்கள். கப்பலின் வடிவமும் ஒலியும் வீரரின் கணினியில் முன்பே இறங்கியிருந்தால், யாராவது தோண்டி எடுத்துவிடுவார்கள். சந்திப்பு நிகழும்போது மட்டும் சர்வரிலிருந்து அனுப்புங்கள். கப்பல் பட்டியலில் அதற்காக வெற்றுக் கட்டம் வைத்திருந்தால் இன்றே நீக்குங்கள். அந்தக் கட்டமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.