‘தகடாகும் தன்மை’ என்றால் என்ன? எதற்கெல்லாம் சொல்லலாம்?

அறிவியல் பாடத்தில் வரும் ‘தகடாகும் தன்மை’யும் ‘கம்பியாக நீளும் தன்மை’யும் ஒன்றா, களிமண்ணுக்கும் அதைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றல்ல. அடித்தால் உடையாமல் பரவுவது முதலாவது. இழுத்தால் அறாமல் நீள்வது இரண்டாவது. ஈயத்தைச் சுலபமாகத் தகடாக்கலாம், ஆனால் மெல்லிய கம்பியாக இழுக்கப் போனால் அறுந்துவிடும். வெள்ளிக்கு இரண்டுமே உண்டு.

சேலத்துக்காரர் என்றால் புத்தகமே வேண்டாம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வெள்ளிக் கட்டியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மெலிந்து நீளும். அப்புறம் இரும்புத் தகட்டிலுள்ள துளைகளில், பெரியதிலிருந்து சிறியதாக, கம்பியாக இழுப்பார்கள். நடுநடுவே நிறுத்தி நெருப்பில் காட்டுவதைக் கவனியுங்கள். அடிபட அடிபட வெள்ளி இறுகிவிடும், அப்படியே தொடர்ந்தால் விரிசல் விடும். சூடு பட்டால் மறுபடி இளகும்.

காரணம் எளிது. உலோகத்தில் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்ந்தாலும் பிடிப்பு விடுவதில்லை. கல்லுப்பில் அந்த வசதி இல்லை, ஒரே தட்டில் நொறுங்கும்.

சரி, களிமண்ணுக்கு? அதற்குக் ‘குழைவு’தான் பொருத்தம். சாதம் குழைகிறது, மாவு குழைகிறது. மனிதருக்கு ‘இளகின மனசு’, ‘வளைந்து கொடுப்பவர்’ என்போம். ‘தகடாகும் மனிதர்’ என்று எழுதிவிடாதீர்கள், ரோடு ரோலர்தான் ஞாபகம் வரும்.