எழுபதாயிரம் ரூபாய் மலிவாக ஒரு டுகாட்டி

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் இருக்கிறேன், வயது 31, ஐ.டி. வேலை. கைக்கு 1,20,000 ரூபாய் வருகிறது. ஊருக்கு அனுப்பும் 20,000 உட்பட மாதச் செலவு 75,000. எஸ்.ஐ.பி. 20,000. எஃப்.டி.யில் 9 லட்சமும் மியூச்சுவல் ஃபண்டில் 6 லட்சமும் இருக்கின்றன. ஃபண்டில் லாபம் மட்டும் 1.8 லட்சம். செகண்ட் ஹேண்டில் இரண்டு பைக் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2019 கவாசாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-6ஆர், கர்நாடகப் பதிவு, 14,000 கி.மீ., 7.6 லட்சம். இன்னொன்று 2017 டுகாட்டி 959 பனிகாலே, தமிழ்நாடு பதிவு, 21,500 கி.மீ., 6.9 லட்சம். டுகாட்டி 70,000 குறைவு, மனசும் அதில்தான். 5 லட்சம் கடன் வாங்கி எடுக்கலாமா?

பதில்: மனசு டுகாட்டியில் இருப்பதில் ஆச்சரியமில்லை. 955 சிசி இரட்டை சிலிண்டர் எழுப்பும் சத்தம் அப்படி. சில்க் போர்டு சிக்னலில் நாலு நிமிஷம் நின்றால் தொடையைச் சுடும் சூடும் அப்படித்தான் என்பதைச் சொல்லிவிட்டு, கணக்குக்கு வருகிறேன்.

நீங்கள் ஒப்பிட்டது இரண்டு விலைகளை. ஒப்பிட வேண்டியது, இரண்டு வண்டிகளும் உங்கள் பெயருக்கு மாறி, டேங்க் நிரப்பி, முதல் வருஷம் ஓடி முடிக்கும்போது ஆகியிருக்கும் செலவை. அங்கேதான் அந்த 70,000 காணாமல் போகிறது.

முதலில் நம்பர் பிளேட். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் கர்நாடகப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குத் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனத்துக்குக் கர்நாடகத்தில் ஆயுள் வரி 18 சதவீதம், செஸ் தனி. வண்டி புதிதாக வாங்கியபோது 14.5 லட்சம் என்று வைத்தால் முழு வரி 2.61 லட்சம். பழைய வண்டி என்பதால் வயதுக்கேற்பக் கழித்துத்தான் வாங்குவார்கள். பாதி என்றே வையுங்கள், 1.3 லட்சம். சரியான தொகையை விற்பவரின் பழைய இன்வாய்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அவர் கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம். வந்தால் வரவு, அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

"டி.என். பிளேட்டிலேயே ஓட்டுங்க பிரதர், யாரும் கேக்க மாட்டாங்க" என்று விற்பவர் சொல்லியிருப்பார். ஓசூர் மாமா வீட்டு முகவரியில் பெயர் மாற்றலாம் என்று நண்பர்களும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நந்தி மலை அடிவாரத்தில் எந்த வண்டியை முதலில் நிறுத்திப் பேப்பர் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஸ்ப்ளெண்டரையா?

அடுத்து டெஸ்மோ சர்வீஸ். இந்த டுகாட்டி இன்ஜினில் வால்வை மூடுவதற்கு ஸ்பிரிங்குக்குப் பதில் தனி ராக்கர் இருக்கிறது. எட்டு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி ஒன்று, மூடும் இடைவெளி ஒன்று, ஆக 16 இடங்களில் அளந்து சரிசெய்ய வேண்டும். 24,000 கி.மீ.க்கு ஒருமுறை வரும் வேலை இது. 21,500-ல் ஒருவர் வண்டியை விற்கிறார் என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை என் கணக்கில் 80,000 போட்டு வைக்கிறேன். டயர் பழையதாக இருந்தால் ஜோடிக்கு இன்னொரு 40,000. ஆக, 6.9 லட்ச வண்டி 9.4 லட்சத்தில் வந்து நிற்கிறது.

நிஞ்ஜாவிலும் வால்வ் சரிபார்ப்பு உண்டு, ஆனால் 14,000-த்தில் இருக்கும் வண்டிக்கு அது இன்னும் தூரம். பெயர் மாற்றம் படிவம் 29, 30-ஓடு முடிந்துவிடும். கடனில் வாங்கிய வண்டியா என்று மட்டும் ஆர்.சி.யில் பாருங்கள். ஹைப்போதிகேஷன், அதாவது வங்கி அடமானம், இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கார் வாங்கியபோது "லோன் எப்பவோ முடிஞ்சுது சார்" என்ற வார்த்தையை நம்பி, அந்தக் கடிதத்துக்காக நாலு மாதம் அலைந்தேன். லோன் முடிந்தது உண்மைதான். ஆர்.சி.க்கு அது தெரியவில்லை.

இன்சூரன்ஸில் பலரும் கவனிக்காத ஒன்று. 350 சிசிக்கு மேல் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 2,804 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அது பெரிய விஷயமில்லை. பிரச்சினை பிளாஸ்டிக்கில். இந்த மாதிரி சூப்பர்ஸ்போர்ட் பைக் என்றால் உடம்பெல்லாம் ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் உறை. சாதாரண காம்ப்ரஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பார்க்கிங்கில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாற்றும் பேனல்கள் 60,000 ரூபாய் என்றால் 30,000 உங்களுடையது. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் அதற்குத்தான், ஆனால் ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு அது கிடைப்பது கஷ்டம். உங்கள் இரண்டு வண்டிகளும் தாண்டியவை. கிளைம் கேட்காததற்காக விற்பவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் தள்ளுபடியும் அவரோடு போய்விடும், அதனால் அவர் கட்டும் பிரீமியத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஓட்டும் ஆசை இருந்தால், பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஆகும் சேதத்துக்குப் பாலிசி காசு கொடுக்காது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். போனதும் இன்ஜின் உறையில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, அது முட்டி நிற்கும் சின்ன உலோக முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நசுங்கியிருந்தாலோ, அங்கே மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ வண்டி பலமாக விழுந்திருக்கிறது, கிளம்பி வந்துவிடுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. கம்பெனி சைலன்ஸரையும் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே நிஞ்ஜாதான். அதற்கு 7.25 லட்சம் என்று ஆரம்பித்துப் பேசுங்கள். இது 2019-ல் ஷோரூம் விலை 10.49 லட்சத்துக்கு வந்த வண்டி. 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆனபிறகு பழைய வண்டிக்காரர்கள் முறுக்காகத்தான் இருப்பார்கள். இருந்தாலும் 7.25 கேட்பதில் தப்பில்லை.

இனி பணம். 5 லட்சம் கடன், 15 சதவீதம், மூன்று வருஷம் என்றால் மாதம் 17,333 ரூபாய், வட்டி மட்டும் 1.24 லட்சம். மூன்று செட் டயர் காசு. வேண்டாம். எஃப்.டி.யில் ஆறு மாதச் செலவு 4.5 லட்சத்தைத் தொடாதீர்கள். உங்கள் துறையின் நிலவரம் என்னைவிட உங்களுக்கே தெரியும். மீதி 4.5 லட்சத்தோடு ஃபண்டில் 3.5 லட்சம் எடுங்கள். ஈக்விட்டி ஃபண்டாக இருந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை. எஸ்.ஐ.பி. அப்படியே ஓடட்டும்.

நிஞ்ஜாவை 7.25 லட்சத்துக்கு வாங்கி, மூன்று வருஷம், 12,000 கி.மீ. ஓட்டி 5.25 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று என் உத்தேசக் கணக்கு: விலைச் சரிவு 2 லட்சம், டயர் 80,000, சர்வீஸ் 75,000, இன்சூரன்ஸ் 75,000. மொத்தம் 4.3 லட்சம், மாதம் சுமார் 12,000. மாதக் கடைசியில் உங்களிடம் மிஞ்சும் 25,000-க்குள் அடங்குகிறது. கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பெட்ரோல் தனி. பெங்களூரு ஆட்டோ மீட்டர் 18 ரூபாய், மீட்டர் போட்டால். மைசூருக்குப் போகும் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையிலும் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்கை விடுவதில்லை, அந்தக் கனவு இருந்தால் சர்வீஸ் ரோடுதான்.

ஊருக்குப் பணம் அனுப்புகிறவர், தனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பைக் பாலிசியோடு வரும் கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்சம்தான். டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள்.

டுகாட்டிக்காரர் 5 லட்சத்துக்கு இறங்கி, என்.ஓ.சி.யையும் தானே எடுத்துத் தருகிறேன் என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது உங்கள் மனசு சொல்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.